இதுவரை ஒன்றும் ஆகவில்லை

கரட்டுப்பாளையம்,
திருச்செங்கோடு வழி.
14-3-83

அன்புத் தம்பி அர்த்தநாரிக்கு,

அக்கா சென்னியம்மாள் எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், மாடுகள்தான் சுகமில்லை. அந்தக் குளிர் தேசத்தில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாயா என்பதை முதல் வரியில் எழுது. மற்றதெல்லாம் அடுத்த வரியில்.

மழை பொய்த்து இது இரண்டாவது வருடம். பள்ளிபாளையம் பாலத்தடியில் காவிரி வெறும் மணலாகக் கிடக்கிறது. நம் கிணற்றில் மோட்டார் போட்டால் கொஞ்ச நேரம் தண்ணீர், அப்புறம் வெறும் காற்று. கரும்பு மஞ்சளித்துவிட்டது. போர் போடலாம் என்றால் பூமியில் துளை போடுகிற ரிக் வண்டி நம் கரட்டுப் பாதையில் ஏறாது. அதனால் கிணற்றையே ஆழப்படுத்துவது என்று மாமா முடிவு செய்துவிட்டார். கீழே ஒரே பாறை. வெடித் தோட்டா வைத்துத்தான் உடைக்க வேண்டும். சின்னான் மேஸ்திரி ஆட்களோடு வருகிறான். ஆள் பற்றாது என்று மாமாவும் அவர்களோடு இறங்கிக் கல் அள்ளப் போகிறாராம். ஐம்பதை நெருங்குகிற ஆளுக்கு இது தேவையா என்று கேட்டால், "கெணத்துக்கு என்ற வயசு தெரியாது புள்ள" என்கிறார்.

ஊரில் எல்லோரும் நீ அமெரிக்காவில் என்ன படிக்கிறாய் என்று கேட்கிறார்கள். வானத்தைப் பற்றி என்று சொல்லி வைத்தேன். மேலக்காட்டுக் காளியாத்தாள், "அப்ப மழை எப்ப வருமுன்னு கேட்டு எழுதச் சொல்லுங்க்கா" என்கிறாள். எனக்கு விளங்குகிற மாதிரி எழுது. நானும் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள்தான்.

வேளைக்குச் சாப்பிடு, சாமி.

உன் அக்கா,
சென்னியம்மாள்


பாஸ்டன்,
6-4-83

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

அர்த்தநாரி வணக்கத்துடன் எழுதுவது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். மாமாவுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? அவர் கிணற்றில் இறங்குவது எனக்கும் பிடிக்கவில்லை.

என் படிப்பைக் கேட்டீர்கள். சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம் எரிந்து தீர்ந்தபின், தன் எடையைத் தானே தாங்க முடியாமல் உள்ளே விழுந்து இறுகிப்போகும். ஒளிகூட அதிலிருந்து வெளியே வர முடியாது. அதற்குக் கருந்துளை என்று பெயர். அப்படி இரண்டு, ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்து மோதினால் என்ன ஆகும் என்பதே என் கணக்கு. யாரும் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் காகிதத்தில்தான்.

மோதினால் மோதட்டும், நமக்கென்ன என்பீர்கள். நமக்கு ஒன்று உண்டு. வெற்றிடம் என்றால் ஒன்றுமே இல்லாத இடம் என்று பள்ளியில் படித்தோம். அது அப்படியில்லை. வெற்றிடத்துக்கும் ஒரு நிலை உண்டு. நம் கிணற்றுக்கு மேலே கரட்டுச் சரிவில் குண்டுப்பாறை இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அது கீழே தரையில் இல்லை. வழியில் ஒரு சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. பார்க்க அசையாததுபோல் இருக்கும். பலமாக ஒரு இடி கொடுத்தால் பள்ளத்தைத் தாண்டி உருண்டுவிடும். இந்த அண்டத்தின் வெற்றிடமும் அப்படி ஒரு பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறதோ என்று இப்போது பெரியவர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஓரிடத்தில் தாண்டினால் போதும். அங்கிருந்து ஒரு குமிழியாக, ஒளியின் வேகத்தில் எல்லாப் பக்கமும் பரவும். அது தொட்ட இடத்தில் அணுகூட அணுவாக இராது. இரண்டு கருந்துளைகளின் மோதல் அந்த இடியைக் கொடுக்குமா என்று பார்க்கிறேன்.

பயப்படாதீர்கள். கொடுக்காது என்று நிரூபிப்பதற்குத்தான் எனக்கு உதவித்தொகை தருகிறார்கள். காளியாத்தாளிடம் மழை என் இலாகா இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அர்த்தநாரி


கரட்டுப்பாளையம்,
26-4-83

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த நாளில் இங்கே முதல் வெடி வைத்தார்கள். உடம்புக்கு எல்லோரும் சுகம். மனசுக்குத்தான் நீ கேடு செய்துவிட்டாய்.

குண்டுப்பாறையை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அதன் நிழலில் வெங்காயம் அரிந்திருக்கிறேன், உனக்குத் தலை சீவியிருக்கிறேன். அது வழியில் நின்றுகொண்டிருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், அதற்கு நேர் கீழே கிணறு. கிணற்றுக்குள் உன் மாமா. வெடி போடும்போது எல்லோரும் மேலே ஏறி வரப்புக்கு ஓடிவிடுகிறார்கள், அது சரி. வெடித்து முடிந்ததும் புகை அடங்குமுன் இறங்கி நாள் முழுவதும் கல் அள்ளுகிறார்கள். வெடிக்கு ஆடிப்போன பாறை அப்போது பார்த்து வந்தால்?

மாமாவிடம் சொன்னேன். "இது எங்க தாத்தன் காலத்துல இருந்து இங்கயேதான் இருக்குது. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல" என்றார். விடாமல் நச்சரித்ததால், சரி, சாமி கிட்டயே கேட்டுவிடலாம் என்று மாரியம்மன் கோயிலுக்குப் பூ கேட்கப் போனோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் வெட்டலாம், சிவப்பு வந்தால் கூடாது. கோயிலுக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னோம். சிவப்பு வந்தது. மாமா, "புள்ள குளிக்காம வந்துருக்குதாட்ட இருக்குது" என்றார். அதன் அம்மா முகத்தைக் கழுவிவிட்டாள். மறுபடியும் சிவப்பு. பூசாரி பொட்டலத்தைச் சரியாகக் கட்டவில்லை என்றார் மாமா. மூன்றாவது தடவை வெள்ளை வந்தது. விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். நான்காவது தடவை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

உன் பெரியவர்களும் இப்படித்தான் கேட்கிறார்களா?

வெயில் காலத்துக்கு வேண்டியதைச் சாப்பிடு என்று எழுத வந்தேன், அங்கே வெயில் ஏது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பாஸ்டன்,
20-5-83

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களையும் மாமாவையும் நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், கொஞ்சம் தூக்கம் குறைவு. கட்டுரை முடியும் நேரம், அதனால்தான்.

பூ கேட்ட கதையை இங்கே ஒரு நண்பனுக்குச் சொல்லிச் சிரித்தோம். குண்டுப்பாறையை ஓர் உதாரணத்துக்குச் சொன்னேன், அதை நீங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். உலகமே உருண்டாலும் நம் பாறை உருளாது.

என் கட்டுரையின் முடிவு நல்ல முடிவு. அண்டம் பிறந்த நாளிலிருந்து எத்தனையோ கருந்துளைகள் மோதியிருக்கும். அதில் ஏதாவது ஒன்று வெற்றிடத்தைத் தள்ளிவிட்டிருந்தால் அந்தக் குமிழி எப்போதோ நம்மைத் தொட்டிருக்கும். தொடவில்லை. நாம் இருக்கிறோம். ஆகவே மோதல்களால் ஆபத்தில்லை. எளிய வாதம், ஆனால் பலமான வாதம் என்று என் பேராசிரியர் சொன்னார். ஜூலையில் துறையில் எல்லோர் முன்பும் பேசப் போகிறேன்.

அப்படியே வந்தாலும், ஒளியின் வேகத்தில் வருவதை முன்கூட்டிப் பார்க்க முடியாது. வந்தது தெரியுமுன் முடிந்துவிடும். பயப்படக்கூட நேரம் இராது. அதுவும் ஒரு நிம்மதிதானே.

மாமாவுக்கு என் வணக்கம். தண்ணீர் வந்ததும் எழுதுங்கள்.

அர்த்தநாரி


கரட்டுப்பாளையம்,
7-6-83

தம்பிக்கு,

மாமா நன்றாக இருக்கிறார், நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நான் நன்றாக இல்லை.

நிம்மதி என்று எழுதியிருக்கிறாய். பாறை விழுந்தால் அடியில் இருப்பவருக்குத் தெரியாது, அது வரைக்கும் நீ சொல்வது சரி. மேலே நிற்பவளுக்குத் தெரியும். உன் கணக்கில் மேலே நிற்பவர்களே இல்லையா? எங்களுக்குப் பிள்ளை இல்லை. நீ கடல் தாண்டி இருக்கிறாய். அவர் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது?

சும்மா பயந்துகொண்டிருக்கவில்லை, ஒரு வேலை செய்திருக்கிறேன். சுண்ணாம்பைக் குழைத்து, குண்டுப்பாறையின் அடியிலிருந்து கீழ்ப்பாறை வரைக்கும் ஒரே கோடாக இழுத்து வைத்தேன். தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். போன வாரம் வரை கோடு கோடாகவே இருந்தது. இப்போது பாறையும் கீழ்ப்பாறையும் சேரும் இடத்தில் பிளந்திருக்கிறது. ஒரு நெல்மணி உள்ளே போகும். சரிவில் மண்ணும் உதிர்ந்து கிடக்கிறது. மாமாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். "வெயிலுக்குச் சுண்ணாம்பு வெடிக்காம என்ன பண்ணும்" என்றார். சின்னான் மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாங்க வெக்காத வெடியா அக்கா, எத்தனை கெணறு பாத்துட்டோம்" என்கிறான். இத்தனை கிணறு பார்த்தவன் இதுவரை உயிரோடு இருக்கிறான், அதுதான் அவன் அத்தாட்சி.

நேராகவே கேட்கிறேன், நேராகவே பதில் எழுது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை, அதனால் இனியும் ஆகாது என்பது உன் கருந்துளைக்குச் சரி என்றால், குண்டுப்பாறைக்கும் சரிதானா? சரி என்றால் எழுது, நான் வாயை மூடிக்கொள்கிறேன். இல்லையென்றால் அதையும் எழுது. நீ சொன்னால் மாமா கேட்பார். நான் சொன்னால் கேட்க மாட்டார்.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா


கரட்டுப்பாளையம்,
10-6-83

மாப்பிள்ளை அர்த்தநாரிக்கு,

மாமன் சின்னுசாமி ஆசீர்வாதம். ரேஷன் கடை வெங்கடாசலம், இவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுகிறேன்.

மாப்ள, நல்லா இருக்கறயா? இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கறோம். உங்கக்காளத்தான் பாக்கச் சகிக்கல. சோறு எறங்கறதில்ல, கண்ணு மூடறதில்ல. விடிஞ்சா எந்திரிச்சுச் சுண்ணாம்புக் கோட்டைப் பாக்கப் போயிருவா. நான் கெணத்துல எறங்குனா மேல வந்து நின்னுக்கறா. நான் ஏறுனாத்தான் ஊட்டுக்குப் போவா. வேலைக்கு வந்த ஆளுக சிரிக்கறாங்க.

நீ என்னமோ எழுதிட்டயாம் அதுல இருந்துதான் இப்பிடி. நீ எழுதுனதை நீயே சரி பண்ணு சாமி. பாறை எங்கயும் போவாதுன்னு ஒரு வார்த்தை எழுதிப் போடு. எனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும், நீ போடற காயிதத்தை உங்கக்காதான் படிச்சுக் காட்டோணும். அதனால அவளுக்குத் தைரியம் வர்ற மாதிரி எழுது. கீழ ஈரம் தெரியுது. இன்னும் கொஞ்சம் போனாத் தண்ணிதான். இந்தச் சமயத்துல நிறுத்துனா கரும்பு போச்சு.

உடம்பப் பாத்துக்க. நெறையாச் சாப்புடு.

சின்னுசாமி


பாஸ்டன்,
29-6-83

மாமாவுக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

மாமாவின் கடிதமும் அக்காவின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. இருவரும் சுகமாக இருப்பது சந்தோஷம். அக்கா வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்பது வருத்தம். எனக்கு எழுதும் புத்திமதியை நீங்களும் கேட்க வேண்டும்.

குண்டுப்பாறையின் கனத்தையும் அது நிற்கும் சரிவையும் நினைவிலிருந்து எடுத்துக் கணக்குப் போட்டேன். கிணற்றடியில் வைக்கும் தோட்டாவின் அதிர்ச்சி அதைப் பள்ளத்திலிருந்து கிளப்பப் போதாது. இத்தனை வெடிக்கு அசையாதது இனியும் அசையாது. இது நான் வானத்துக்குப் போட்ட அதே கணக்குதான். வானத்துக்குச் சரியானது கரட்டுப்பாளையத்துக்கும் சரி. வெயிலில் சுண்ணாம்பு வெடிப்பது இயல்பு, மாமா சொன்னது உண்மை.

மாமா தைரியமாக வேலையைத் தொடரலாம். அக்கா, நீங்கள் கொஞ்ச நாள் கிணற்றுப் பக்கம் போகாமல் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

அடுத்த வாரம் என் பேச்சு. ஆசீர்வதியுங்கள்.

அர்த்தநாரி


கரட்டுப்பாளையம்,
13-7-83

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்தது. மாமாவுக்கும் சின்னான் மேஸ்திரிக்கும் நானே படித்துக் காட்டினேன்.

நீ சொன்னபடியே மாமா வேலையை நிறுத்திவிட்டார். மேஸ்திரி ஆட்களைக் கூட்டிக்கொண்டு எடப்பாடிப் பக்கம் வேறு கிணற்றுக்குப் போய்விட்டான்.

இதைப் பற்றி மாமாவுக்குத் தனியாக ஒன்றும் எழுத வேண்டாம். எழுதுவதாக இருந்தால் எனக்கு எழுது.

பேச்சு நன்றாக நடந்ததா?

அக்கா


பாஸ்டன்,
15-7-83

அக்கா,

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் மாமாவைக் கிணற்றிலிருந்து ஏறி வரச் சொல்லுங்கள். சுகம் விசாரிக்க எனக்கு இப்போது யோக்யதை இல்லை.

என் பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் இருந்து வெளியூர் அம்மையார் ஒருவர் எழுந்தார். "மோதல்களால் ஆபத்தில்லை, ஏனென்றால் நாம் இருக்கிறோம் என்கிறீர்கள். எங்கே அந்த ஆபத்து நடந்ததோ, அங்கே இருந்தவர்கள் வந்து உங்களிடம் சொல்வார்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. தப்பித்த இடத்தில் இருப்பவன்தான் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியும். தப்பித்தோம் என்பதிலிருந்து ஆபத்து சிறியது என்று முடிவு கட்ட முடியாது. நீங்கள் கேட்டதும் இதைத்தான். சின்னான் இதுவரை உயிரோடு இருப்பதுதான் அவன் அத்தாட்சி என்று எழுதினீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன்.

இன்னொன்று அதைவிட மோசம். வானத்தில் ஒரு மோதல் நடந்தால் வெற்றிடத்தின் பள்ளம் முன்பிருந்த ஆழத்திலேயே இருக்கிறது. குண்டுப்பாறையின் பள்ளம் அப்படியில்லை. ஒவ்வொரு வெடியும் அடிப்பாறையைக் கொஞ்சம் உடைக்கிறது. நேற்று தாங்கியது இன்று தாங்கும் என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. சுண்ணாம்புக் கோடு பிளந்தது என்று நீங்கள் எழுதியபிறகு நான் அப்படி ஒரு பதில் எழுதியிருக்கவே கூடாது. நான் கணக்குப் போடவும் இல்லை, அக்கா. மாமா கேட்டார் என்று எழுதினேன்.

தந்தி கொடுக்கப் போனேன். தந்தி என்றாலே ஊர் அழுதுவிட்டுத்தான் பிரிக்கும் என்று ஒரு தயக்கம். அதைவிட, பாறை விழும் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. விழாது என்று எழுதவும் இல்லை. தெரியாது என்பதைத் தந்தியில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நிறுத்தச் சொல்லுங்கள்.

அர்த்தநாரி


கரட்டுப்பாளையம்,
6-8-83

தம்பிக்கு,

மாமா சுகம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ மூச்சு விடு.

ஆள் இறங்குகிற கிணறு, நீ தந்தி ஆபீசில் வார்த்தை தேடிக்கொண்டு நின்றாயாக்கும். இருக்கட்டும். உன்னைத் திட்டுகிற நிலையில் நானும் இல்லை.

உன் ஜூன் மாதக் கடிதம் வந்தபோது மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரியும் இருந்தான். "படி புள்ள, உன்ற தம்பி என்ன சொல்றான்னு பாப்போம்" என்றார், சிரித்துக்கொண்டே. நான் முதலில் மனசுக்குள் படித்தேன். தைரியமாகத் தொடரலாம் என்று எழுதியிருந்தாய். அப்போது என் வாய் வேறு ஒன்றைப் படித்தது. "பாறை நகருகிறது. சுண்ணாம்புக் கோடு பொய் சொல்லாது. மாமா இனி ஒரு நாளும் கிணற்றில் இறங்கக் கூடாது. இறங்கினால் நான் ஊருக்கே வரமாட்டேன்." இதெல்லாம் நீ எழுதியதாகப் படித்தேன். மாமாவின் சிரிப்பு போய்விட்டது. "மறுக்காப் படி" என்றார். இரண்டாம் தடவை படிக்கும்போது முதலில் என்ன சொன்னேன் என்று மறந்துபோய், ஏதேதோ சேர்த்துப் படித்தேன். அவர் மாட்டை இழுத்துக் கட்டிவிட்டு, "சின்னான், சாமானெல்லாம் மேல ஏத்திரு" என்றார்.

அவரைக் கட்டி இத்தனை வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அது.

இப்போது உன் இரண்டாவது கடிதம், நான் பொய்யாகப் படித்ததையே உண்மையாக எழுதி வந்திருக்கிறது. எனக்கு நிம்மதி வர வேண்டும். வரவில்லை. பாறை விழவில்லையே, தம்பி. வேலை நின்ற நாளிலிருந்து கோடு ஒரு மயிரளவும் விலகவில்லை. கரும்பு கருகிவிட்டது. எருமை இரண்டையும் சந்தையில் கொடுத்துவிட்டோம். மாமா திருச்செங்கோட்டுக்காரர் ஒருவருடைய ரிக் வண்டியில் ஆளாகச் சேர்ந்துவிட்டார். அடுத்த வாரம் நாக்பூர் பக்கம் போகிறார். ஊரான் நிலத்தில் கிணறு தோண்ட.

நிறுத்தியதால் பாறை விழவில்லையா? இல்லை, விழவே விழாத பாறைக்குப் பயந்து ஒரு மனுஷனின் காட்டைக் கருகவிட்டேனா? இதற்கு விடை உண்டா? நான் செய்தது சரியா என்று மட்டும் எழுது. இந்தத் தடவை என் மனம் குளிர எழுத வேண்டாம்.

அக்கா


கரட்டுப்பாளையம்,
21-11-83

தம்பிக்கு,

ஆவணி போய், புரட்டாசி போய், தீபாவளியும் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் உன் நண்பன் யாரையாவது எழுதச் சொல். உடம்பு நன்றாக இருந்து எழுதாமல் இருக்கிறாய் என்றால், அதுவும் எனக்கு விளங்குகிறது.

மழை பெய்தது. கிணற்றில் தானாகவே பாதிக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது. குண்டுப்பாறை அங்கேயேதான் இருக்கிறது. சுண்ணாம்பை மழை கழுவிவிட்டது, நான் திரும்பப் போடவில்லை. காளியாத்தாள் வந்து, "ஏனுங்க்கா, இந்தக் கல்லுக்குப் பயந்துட்டுத்தானா கரும்பை உட்டீங்க" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

மாமா யாரையாவது பிடித்துக் கடிதம் எழுதச் சொல்லி அனுப்புகிறார். அங்கே ரிக்கில் வேலை செய்யும்போது ஒருவனுக்குக் கை நசுங்கிவிட்டதாம். எழுதியவன் அதையும் சேர்த்து எழுதிவிட்டான். நான் ஒரு பாறையிலிருந்து இழுத்து இன்னொன்றின் அடியில் நிறுத்தியிருக்கிறேன்.

சரியா தப்பா என்று கேட்டேன். ஒரு வார்த்தை போதும்.

அக்கா


நாக்பூர் பக்கம், ரிக் வண்டி முகாம்,
24-1-84

மாப்பிள்ளை அர்த்தநாரிக்கு,

மாமன் சின்னுசாமி சொல்ல, இந்த வண்டியின் மேனேஜர் சென்னிமலை எழுதுகிறேன். அவர் பேச்சில் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

மாப்ள, சொகமா இருக்கறயா? நான் நல்லா இருக்கறேன். கை, காலு எல்லாம் இருக்குது. பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டு நேத்துத்தான் வந்து எறங்குனேன்.

உங்கக்கா தபால்காரரு சைக்கிள் சத்தம் கேட்டா வாசலுக்கு வந்துர்றா. அவரு நிக்காமப் போனா உள்ள போயிர்றா. என்ன புள்ளன்னு கேட்டேன். "தம்பி எழுதறதில்லீங்க" அப்பிடீன்னா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. சொல்ல மாட்டா. ஆனா உங்கிட்டச் சொல்லியிருப்பா, எனக்குத் தெரியும். அதுக்குத்தான் உனக்குப் பதில் எழுத வரலையாட்ட இருக்குது.

நான் ஒண்ணு சொல்றேன், உன்னோட இருக்கட்டும். அன்னைக்கு அவ உன்ற காயிதத்த ரெண்டு வாட்டி படிச்சா. ரெண்டு வாட்டியும் வேற வேறயா இருந்துச்சு. நான் படிக்காதவன், ஆனா காது கேக்கும். ரெண்டு நாள் கழிச்சு ஒரு சோலியாப் பள்ளிபாளையம் போறப்ப, சாமி படத்துக்குப் பொறத்தால இருந்து அந்தக் காயிதத்த எடுத்துட்டுப் போயி, டீக்கடையில ஒருத்தர்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். தைரியமா எறங்கலாம், தொடரலாமுன்னு எழுதியிருந்தே. டீ ஆறிப்போச்சு. குடிக்காம வந்துட்டேன்.

சின்னான் அப்ப எடப்பாடியிலதான் இருந்தான். ஒரு சத்தம் குடுத்தா வந்துருப்பான். பஸ்ஸுல வர்றப்ப எல்லாம் அதையேதான் நெனச்சுட்டு வந்தேன். ஊட்டுக்கு வந்தா உங்கக்கா அடுப்புகிட்ட உக்காந்து சோறு தின்னுட்டு இருந்தா. எத்தனையோ நாளைக்கப்பறம் அன்னைக்குத்தான் ஒரு வட்டல் சோறு முழுசாத் தின்னதப் பாத்தேன். நான் காயிதத்த எடுத்த எடத்துலயே வெச்சுட்டேன். சின்னானக் கூப்புடல.

மாப்ள, நீ எழுதுனதுல தப்பு இல்ல. நான் கேட்டதைத்தான் நீ எழுதிக் குடுத்தே. நான் எதைக் கேக்கோணுமோ அதை அவ சொன்னா. கெணத்துல எறங்கறப்ப ஒவ்வொரு நாளும் அண்ணாந்து பாத்துட்டுத்தான் எறங்குவேன். நாலு ஆளுக முன்னால பயமா இருக்குதுன்னு சொல்ல ஆம்பளைக்கு வாய் வர்றதில்ல. வந்து ஒருத்தி கையப் புடிச்சு இழுத்தா ஏறிக்கலாம். இழுத்துட்டா. கரும்பு போனது போகட்டும், இன்னொரு வருசம் வெச்சுக்கலாம்.

அது உளுந்துருக்குமா உளுந்துருக்காதான்னு நீங்க ரெண்டு பேரும் கணக்குப் பாத்துட்டு இருக்கறீங்க. அது ஆருக்கும் தெரியப் போறதில்ல. அதுக்காக அவளுக்கு எழுதாம இருக்காத. எனக்குத் தெரியுமுன்னு மட்டும் எழுதிராத, அப்பறம் அவ என்ற மொகத்தப் பாக்க மாட்டா. பாறையப் பத்தி ஒண்ணும் எழுத வேண்டாம். மாமா பொங்கலுக்கு வந்தாராமா, நல்லா இருக்காராமான்னு கேட்டு ஒரு காயிதம் போடு. ஆமா, நல்லா இருக்காருன்னு அவ கையால உனக்கு எழுதட்டும். நான் உசுரோட இருக்கறதை அவ இன்னும் நம்பலை சாமி.

கையெழுத்து,
சின்னுசாமி